காது முளைத்த ஒரு ரிங்கிட்

அன்பில் குறையாத மாணிக்கம் சம்பந்திக்கு,

"சார், தப்புக்கு மார்க் கூடுமா, குறையுமா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் ஷிப்ட் முடிந்து, வேலைச் சட்டையோடு என் வீட்டு வாசலில் நின்றீர்கள். காலமெல்லாம் சிவப்பு மையில் திருத்தியவன் நான். "குறையும்" என்றேன், யோசிக்காமல். நீங்கள் சிரித்துவிட்டு மோட்டாரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்று என் விடையைத் திருத்திக்கொள்கிறேன். கூடும், சம்பந்தி. போன ஞாயிற்றுக்கிழமை மலாக்காவில், ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது!

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு முன்கதை தெரியாதே. உங்களுக்குத் தெரிந்ததை மறுபடியும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் வாணிக்கும் உங்கள் மகன் குமரனுக்கும் பாயா ரும்புட்டில் நிச்சயதார்த்தம். என் அக்கா சரசு, வங்கியில் வாங்கிய புது நோட்டுகளைத் தட்டில் விசிறிபோல அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தாள். நூற்றொரு ரிங்கிட்டில் அந்த ஒன்று மட்டும் பாக்கி. அப்போதெல்லாம் ஒரு ரிங்கிட் காகிதத்தில்தான் வரும், இப்போதுபோல் பிளாஸ்டிக் இல்லை. அந்த நோட்டின் ஒரு மூலை உள்ளே மடிந்திருந்தது. அக்கா நகத்தால் நிமிர்த்தினாள். முக்கோணமாக ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டது.

"என்னாடா இது, நோட்டுக்குக் காது முளைச்சிருக்கு! தட்டுல குறையுள்ளத வைக்கக் கூடாதுலா. கத்திரிக்கோல் எங்க?"

"வெட்டாதீங்கக்கா! பொட்டும் வைக்காதீங்க!"

எதிர்வரிசையிலிருந்து ஓடிவந்தீர்கள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் சட்டைப் பையிலிருந்து வேறொரு ரிங்கிட்டை அங்கே வைத்தீர்கள். வைத்ததை யார் பார்த்தார்கள்? எடுத்ததைத்தான் சபை பார்த்தது. தட்டு மாற்றுமுன்பே மாப்பிள்ளையின் அப்பா பெண் வீட்டுத் தட்டில் கை வைத்துவிட்டார்!

"ஒரு ரிங்கிட்டுக்கே இந்த ஓட்டம்னா, நாளைக்கு நம்ம புள்ளைகிட்ட எதையெல்லாம் புடுங்குவாங்களோ" என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. நீங்கள் வேறு ரிங்கிட் வைத்ததை நான் சொல்லியும் எடுபடவில்லை. அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் உங்களுக்கு 'ஒரு ரிங்கிட் சம்பந்தி' என்று பெயர். கோயில் சாப்பாட்டுப் பந்தியில்கூட அந்தப் பெயர்தான். நீங்கள் சண்டைக்கே போகவில்லையே, எப்படி முடிந்தது உங்களால்?

கல்யாணத்துக்கு மறுநாள் அந்த நோட்டை ஒரு கண்ணாடித்தாள் உறையில் போட்டு வாணியிடம் கொடுத்தீர்கள். "இது உன் தட்டு நோட்டும்மா. மடிக்காத, துடைக்காத, பொட்டு வைக்காத." அவ்வளவுதான் சொன்னீர்களாம்.

நீங்கள் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. உங்கள் துக்க வீட்டிலேயே யாரோ அதைச் சொல்லிச் சிரித்ததை வாணி கேட்டுவிட்டாள். "மாமா பேரை நான் மாத்திக் காட்டுறேம்பா" என்றாள். அதற்காகத்தான் அந்தக் காதைப் பற்றி அங்கே இங்கே விசாரித்து, ஞாயிறன்று அரிய நோட்டு சேர்ப்பவர்கள் கூடும் மண்டபத்துக்கு எங்களை அழைத்துப் போனாள். அக்காவையும் விடவில்லை.

பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த பாய் ஒருவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசைக்காரர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அச்சடிச்ச பெரிய தாள நோட்டு நோட்டா வெட்டுறதுக்கு முன்னாடியே மூலை மடிஞ்சிருக்கு. வெட்டுற மிஷின் அந்த எடத்தத் தொடவே இல்ல. சோதிக்கிறவங்க கண்ணுல பட்டிருந்தா அங்கேயே அழிச்சிருப்பாங்க. தப்பிச்சு வந்திருக்கு பாருங்க! அந்த மூலையத் தவிர வேற ஒரு சுருக்கம் இல்ல, கறை இல்ல. யாரும்மா இத வச்சிருந்தது?"

"என் மாமனார்."

"காத வெட்டாம விட்டாரே, அவரு மனுசன்!"

மெதுவாக அக்கா கேட்டாள். "அன்னிக்கு வெட்டியிருந்தா, பாய்?"

"வெட்டின நோட்டாயிருக்கும்க்கா. நாசி லெமாக் கடையிலகூட யோசிச்சுத்தான் வாங்குவாங்க."

பாயின் மேசையில் ஒரு மணி நேரம் மாணவனாக உட்கார்ந்திருந்தேன், சம்பந்தி. பழசாக இருந்தால் விலை என்று நினைத்திருந்தேன். அது மட்டும் போதாதாம். நோட்டு அரிதாக இருக்க வேண்டும், அதைத் தேடுகிறவர்களும் இருக்க வேண்டும். நோட்டின் வரிசை எண் எல்லாம் ஏழாக வருவது, முன்பின் எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருவது, இவற்றைத் தேடுகிறார்கள். பள்ளிக்கூட உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆசிரியர் வராத நாளில் ரிலீஃப் டீச்சர் வருவார் அல்லவா? அதுபோல அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வேறு எழுத்து வரிசையில் ஒரு நோட்டு வருமாம். அதற்கும் மவுசுதான். ஆனால் எதுவானாலும் பரீட்சைத் தாள்போலச் சுத்தமாக இருக்க வேண்டும். நம் வீட்டில் மங்கலம் என்று வைக்கும் பொட்டு, அங்கே கறை!

விலை கேட்டவர்களிடம் வாணி, "நிச்சயதார்த்தத் தட்டு நோட்டு, அங்கிள். விக்கிறதுக்கில்ல" என்றாள். நடு மேசையில், கண்ணாடிப் பெட்டிக்குள், உங்கள் பெயர் எழுதி வைத்தார்கள். அதன் பக்கத்தில் சாயங்காலம்வரை காவல் நின்றது யார் தெரியுமா? சரசு அக்கா!

"கைய எடுப்பா, தொடாதலா! எங்க சம்பந்தியோட நோட்டு இது. ஒரு ரிங்கிட் சம்பந்தின்னா சும்மாவா?"

அதே பெயர்தான், சம்பந்தி. சொன்ன வாயும் அதேதான். மண்டபமே நின்று கேட்டது. வாணி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் கிளேபாங்கில் தேங்காய் ஷேக் குடித்தோம். கடைக்காரர் கொடுத்த பாக்கியில் ஒரு பத்து ரிங்கிட் நோட்டு. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து மூலை மூலையாகப் பார்த்தாள்.

"என்னக்கா, கள்ள நோட்டுன்னு சந்தேகமா?"

"இல்ல தம்பி. நல்ல தப்பு ஏதும் இருக்கான்னு பாக்குறேன்."

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவு நாள் படையலில் அந்த நோட்டு, உறையோடு உங்கள் முன்னால் இருக்கும். படத்துக்குப் பொட்டு வைப்போம். நோட்டுக்கு வைக்க மாட்டோம்.

இதைப் படிப்பவர்களே, அடுத்த நோட்டைக் கடைக்காரரிடம் நீட்டுமுன் அதன் எண்ணையும் நான்கு மூலைகளையும் ஒருமுறை பாருங்கள்.

என்றும் உங்கள் சம்பந்தி,
வாணியின் அப்பா