அனுப்பு என்ற பொத்தான்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லச் சின்னவள் எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொன்னேன், உன் தங்கை எழுதாமல் என் முகத்தையே பார்க்கிறாள், அதனால் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று மட்டும் வைத்துக்கொள். அப்பாவுக்குத்தான் முழங்கால் வலி. தான் லிப்ட் ரிப்பேர் செய்யப் போகிற கட்டடத்தில் லிப்ட் எப்படி ஓடும், மாடிப்படி ஏறித்தானே ஆக வேண்டும் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். போனில் சொன்னால் க்ளாஸ் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் முதல் பாடத்துக்காக, ஏதாவது ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்து அதற்கொரு பக்கம் செய்யச் சொன்னார்கள் என்று, காணாமல் போனவர்களைத் தேடித்தரும் அலுவலகம் ஒன்றுக்குப் பக்கம் செய்தாயே. அப்பா படத்தைப் போட்டுத் தலைமை அதிகாரி என்று எழுதியிருந்தாய், தன் மூக்குக்கண்ணாடியையே தேடத் தெரியாத மனுஷன் ஊரார் பிள்ளையைத் தேடப் போகிறாரா என்று நான்கூடக் கேலி செய்தேன். தொடர்புக்கு என்ற இடம் காலியாக இருந்தால் மதிப்பெண் குறையும் என்று நம் வீட்டு நம்பரைக் கொடுத்தாய். பாடம் முடிந்தது, பக்கத்தை நீ எடுக்கவில்லை. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். மகள் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாளாம், நம் சின்னவள் வயது. உயரம், கன்னத்து மச்சம், போட்டிருந்த பச்சைச் சட்டை எல்லாம் உங்கள் பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன், பார்த்தீர்களா என்று கேட்டாள். இது வெறும் வீடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், அவள் அழுகிற அழுகையில் பார்க்கிறோம்மா என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் தினமும் வேலை விட்டதும் கூப்பிடுவாள். இல்லாத ஆபீசுக்கு நீ என்ன மேனேஜரா, உண்மையைச் சொல்லித் தொலை என்று அப்பா திட்டினார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போன் அடித்தாலே சமையலறைக்குள் ஓடுகிற உன் தங்கைதான், நான் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கப் போயிருந்தபோது எடுத்துச் சொல்லியிருக்கிறாள். (இதை எழுத மாட்டேன் என்கிறாள், எழுது என்றிருக்கிறேன்.) அது அண்ணன் பாடத்துக்காகச் செஞ்சதும்மா, இங்க யாரும் தேடல என்றாளாம். அப்ப நான் அனுப்பினது எங்க போச்சு என்று அந்த அம்மா கேட்டிருக்கிறாள். அனுப்பு என்ற பொத்தானை அமுக்கினால் நன்றி, தகவல் கிடைத்தது என்று வரும், ஆனால் எங்கேயும் போகாது, போகவைக்க அடுத்த பாடத்தில்தான் சொல்லித்தருவார்கள் என்று நீ அன்றைக்குச் சொன்னதை இவள் அப்படியே சொல்லியிருக்கிறாள். அதற்கு அந்த அம்மா, நீங்க தேடுறீங்கன்னுதானே நான் போலீசுக்குப் போகாம இருந்தேன் என்று மட்டும் சொன்னாளாம்.

நேற்று லீவு போட்டுவிட்டு நானும் அப்பாவும் அவளை ரொட்டிக்கடையில் தேடிப்பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். இத்தனை நாள் என்ன பண்ணிக்கொண்டிருந்தாய் என்று போலீஸ்காரர் கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உடம்புக்கு முடியாம படுத்திருந்தேன் சார் என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்தும் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும். பெண் இன்னும் கிடைக்கவில்லை.

இதைப் படித்த கையோடு அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. அந்த அம்மா நம்பர் இந்தக் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது, நீயே கூப்பிட்டுப் பேசு. பாடம், மதிப்பெண் என்று விளக்கம் சொல்லாதே, மன்னிப்புக் கேட்டுவிட்டு அவள் பேசி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிரு, முதலில் நீ வைத்துவிடாதே. உன்னை நான் வெறுக்கவில்லையடா. நீ நல்லபடியாகப் படித்து, நாலு பேருக்கு உதவுகிறவனாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அம்மா

அண்ணா, இது நான். எடுப்பதற்கு முன்னால் அவங்க அனுப்பினது எங்கேயாவது தங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை தேடிவிடு. இருக்காது என்று எனக்கும் தெரியும். ஆனால் அவங்க மறுபடி கேட்டால், தேடினோம் என்று நான் பொய்யில்லாமல் சொல்ல வேண்டும்.