பத்திரத்தில் எழுதாத பேச்சு

இன்று காலை பட்டறைக் கதவைத் திறந்ததும் சிவப்புச் சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். நீ இறந்து முப்பது நாளாகிறது. இது உன் சாயப் பட்டறை.

உலகச் சண்டைக் காலத்தில் இதை எனக்கு விற்றாய். கப்பலில் சாயம் வருவது நின்றிருந்தது. பட்டாளத்துக்குப் போன உன் மகனிடமிருந்து கடிதமும் இல்லை. பத்திரம் எழுதப் புறப்படும்போது ஒன்றே ஒன்று கேட்டாய்: அவன் உயிரோடு திரும்பினால், கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு பட்டறையை அவனுக்கே விட்டுவிட வேண்டும். அதையும் பத்திரத்தில் சேர்க்கலாமா என்றாய். நமக்குள் எழுத்து எதற்கு என்று நம் வீட்டுத் தெலுங்கில் சொன்னவன் நான்தான். சிரித்தபடி என் தோளில் தட்டினாய்.

சண்டை முடிந்து அவன் வந்தான். அதற்குள் பட்டறையில் வேலை பெருகியிருந்தது. விட எனக்கு மனமில்லை. நாள் கடத்தினேன். நீ கோர்ட்டுக்குப் போனாய்.

பத்திரத்தில் அந்த நிபந்தனை இல்லை. நான் ஒப்புக்கொண்டால்தான் உனக்கு வழி. கூண்டில் நின்ற என்னிடம், "அப்படி ஒரு பேச்சு நடந்ததா?" என்று நீதிபதி கேட்டார்.

"நடக்கலைங்க" என்றேன்.

நீ முறைத்திருந்தால் தாங்கியிருப்பேன். பொய் சொன்னவன் நீ என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாய்.

வெளியே வந்தபோது பாலவனத்தம் பஸ் போய்விட்டிருந்தது. வெயிலில் நின்ற என் பக்கத்தில் உன் மாட்டுவண்டி வந்து நின்றது. சின்ன வயதிலிருந்து 'என்னடா' என்ற உரிமையில் 'ஏரா' என்றே என்னைக் கூப்பிட்ட நீ, அன்று தமிழில் சொன்னாய்: "பஸ்ஸு போயிருச்சுங்க. வண்டியில ஏறிக்கிடுங்க."

ஏறினேன். மறுக்கும் அளவுக்குக்கூட எனக்கு வெட்கம் இருக்கவில்லை. ஊரில் என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனாய். அதன்பிறகு நீ இருந்த இரண்டு வருடமும் எனக்குக் கிடைத்தது அந்த மரியாதைதான்.

உன் கருமாதி முடிந்த மறுநாள் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பரளச்சியில் பருத்தி லோடு ஏற்றிக்கொண்டிருந்த உன் மகனிடம் போனேன்.

"பட்டறை உனக்குத்தான். வெல எதுவும் வேண்டாம். வாங்கிக்கப்பா."

அவன் மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எங்கப்பா இருந்தப்ப ஒத்தச் சொல்லு சொல்லியிருந்தா போதுமேங்க. அவுகள ஊரே பொய்க்காரர்னு பேசுச்சு. இப்ப எனக்கு எதுக்கு? போயிட்டு வாங்க."

அந்தப் பத்திரம் என் மடியிலேயே இருக்கிறது. இந்தமுறை ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.