உழாத மண்

கருங்கரடு மண் ஆய்வு நிலையம். எழுதுபவள்: நிவேதா.

ஜூன் 3, 2071 | 06:10
வெளியே 41 டிகிரி. விஷத் தூசி உள்ளே வராமல் காற்று வடிகட்டி ஓடுகிறது. பழைய பருத்தி வயலில் மாதிரி எடுத்தேன். மண்ணை மெல்லிய தாளில் பரப்பித் தண்ணீர்த் தட்டில் வைத்தேன். இறங்கியவை பாக்டீரியா தின்னும் சின்ன நூற்புழுக்கள் மட்டுமே. மற்ற புழுக்களை வேட்டையாடும் பெரிய இனம் இல்லை. அது வராதவரை மண் பிழைத்ததாக அர்த்தமில்லை. வருடாவருடம் புல் விதைக்கிறோம். முளைக்கிறது, கருகுகிறது.

இதை யார் கண்டெடுத்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: மண் பிழைத்தால்தான் முகாமில் கிடக்கும் ஜனங்களுக்கு ஊர் திரும்ப அனுமதி.

ஜூன் 9 | 07:25
கிடைத்துவிட்டது! காலனி இடுகாட்டு மண்ணில் வேட்டைப் புழுக்கள் நெளிகின்றன. அந்த அரை ஏக்கரில் யாரும் ஏர் ஓட்டியதில்லை, மருந்து அடித்ததில்லை. தீட்டு என்று ஒதுக்கிய இடம் தப்பித்திருக்கிறது. தலைமையகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். முகாமில் இருக்கும் பூவாத்தாளுக்கு ரேடியோவில் சொன்னேன். அவள் மகளை அங்கேதான் புதைத்தார்கள்.

"அப்ப எம்புள்ளதான் மண்ணக் காப்பாத்தி வெச்சிருக்குதுன்னு சொல்லுங்க அம்மிணி. உசுரோட இருக்கறப்ப ஒரு சொம்பு தண்ணி மோந்து குடுக்கமாட்டா, சோம்பேறிக் கழுத."

ஜூன் 12 | 16:40
தலைமையக அதிகாரி சிவகுருநாதன்: "அருமை நிவேதா. அந்த மண்ணயே தோண்டி எல்லா வயல்லயும் தூவிடலாம். மிஷினுக்கு ஆர்டர் போட்டாச்சு."

அது இடுகாடு என்றேன். கோயில் மேய்ச்சல் நிலமும் உழாததுதான், அங்கே எடுக்கலாம் என்றேன்.

"கோயில் நிலத்துல கை வெச்சா என் வேலை போயிடும்மா. இங்க யாரு வந்து கேக்கப்போறா?"

ஊர் காலியாகிப் பல வருடம். சாதி மட்டும் காலி செய்யவில்லை.

ஜூன் 13 | 17:50
முதல் அறிக்கை தவறு, அங்கே புழுவே இல்லை என்று திருத்தம் அனுப்பினேன். பொய். "மாதிரி ஏற்கெனவே உறுதி செய்யப்பட்டது" என்று பதில். ஆளில்லாமல் ஓடும் தோண்டும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். அது என்னைச் சுற்றிக்கொண்டு போனது.

ஜூன் 15 | 11:00
முடிந்தது. சல்லடையில் சிக்கியவை: எலும்பு, வளையல் துண்டுகள், ஒரு எவர்சில்வர் டம்ளர். இயந்திரம் அவற்றைக் கழிவு என்று ஒதுக்கியது. பொறுக்கி மாதிரிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று தெரியாது.

ஜூன் 28 | 06:30
தூவிய வயல்கள் எல்லாவற்றிலும் பார்த்தேன். வேட்டைப் புழு ஒன்றுகூட உயிரோடில்லை. பழைய பூச்சிமருந்து இன்னும் வயலில் இருக்கிறது. இடுகாட்டில் மிஞ்சியது பாறைக் குழி. உயிரோடிருந்த மண்ணை நான் காட்டிக்கொடுத்தேன்.

பூவாத்தாள்: "ஆடி அமாவாசைக்கு ஒரு நா வந்துபோக வுடறாங்களாம். புள்ளைக்குப் படையல் வெக்கோணும். அந்த எடம் அப்படியே இருக்குதுங்களா?"

ரேடியோவை அணைத்தேன்.

ஜூலை 2 | நேரம் தெரியவில்லை
வடிகட்டி நின்றுவிட்டது. இருமல். கடிகாரமும் அணைந்தது. ரேடியோ மட்டும் பேட்டரியில் ஓடுகிறது.

சிவகுருநாதன்: "மண்ணு பத்தலம்மா, அதான் பிரச்சனை. பக்கத்து தாலுகா காலனி இடுகாடு எல்லாத்துக்கும் மிஷின் கிளம்பிடுச்சு. நீ கண்டுபிடிச்ச வழிதான்!"

பூவாத்தாளிடம் தோண்டியதையும் தூவியதையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள்:

"அப்ப எந்த வயல்ல நின்னு கும்புடறதுங்க?"

தட்டில் புது மண் வைத்திருக்கிறேன். தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எதுவும் இறங்க