காடைக்கு விரித்த மெத்தை

மகளுக்கு அப்பா எழுதுவது. உன் காடைகள் நான்கும் சௌக்கியம். அதைத்தான் முதலில் தேடுவாய் என்று தெரிந்தே முதல் வரியில் வைத்தேன். நீயும் அங்கே சௌக்கியமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் கூண்டின் மூலையில் ஈரம் என்று நேற்று அவ்வளவு தெம்பாகச் சத்தம் போட்டிருக்க மாட்டாய். என்னைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆகவே அது பின்னால் வரும். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கிறதே என்று முகத்தைச் சுளிக்காமல் கடைசிவரை படி, அதற்கும் காரணம் வரும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவது எல்லாம் காடைப் பேச்சு, அது முடிந்து நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் அதன் பேச்சைப் பாதியில் வெட்ட முடியாது.

எனக்கு உன்மேல் கோபம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். வேலை கிடைத்துப் போகும்போது கூண்டை என் தலையில் கட்டினாய், கூண்டின் கூரையில் கீழே பார்த்தபடி ஒரு கேமராவையும் ஒட்டினாய். "இதுங்களைப் பாக்காம என்னால இருக்க முடியாதுப்பா" என்றாய், சரி என்றேன். அது காடைகளைப் பார்ப்பதற்கு இல்லை, என்னை மேய்ப்பதற்கு என்று பிறகுதான் விளங்கியது. முதலில் நான் கூண்டுக்குள் மெத்தையாகக் கடை முடியை விரித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சலூன் வைத்திருப்பவனுக்கு மெத்தென்று, செலவில்லாமல், தினமும் கூட்டி அள்ளுவதற்கு இருப்பது அது ஒன்றுதான். குருவிகூட என் கடை வாசலில் முடி பொறுக்கிக்கொண்டு போய்த்தான் கூடு கட்டுகிறது, காடைக்கு மட்டும் ஆகாதா என்று நினைத்துவிட்டேன். விடிவதற்குள் கத்தி வீட்டையே எழுப்புகிற உன் ஆண் காடை, அதுதான் நீ ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தது, அதன் கால் விரலில் முடி சுற்றி இறுகி விரல் வீங்கிவிட்டது. "கொலைகாரங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்க" என்றாய். பெற்றவனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது. மீசை ஒதுக்கும் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு முடியாக எடுத்துவிட்டதும் இந்தக் கொலைகாரன்தான், ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. அதற்கு ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னாயா.

அப்புறம் பழைய செய்தித்தாளை விரித்தேன். வழுக்கும், கால் இரண்டும் பக்கவாட்டில் அகண்டு போகும் என்றாய். தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்தேன். தூசி மூச்சில் ஏறும், தீனி என்று நினைத்துக் கொத்தி விழுங்கிவிடும், அதற்கு நுரையீரல் ரொம்ப மென்மை என்றாய். அன்று இரவெல்லாம் அந்தத் தூசியில் இருமிக்கொண்டிருந்தவனுக்கும் நுரையீரல் உண்டு, போகட்டும். வைக்கோல் ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்றாய். கடைசியில் பெரிய பெரிய மரச் சீவல்தான் வேண்டும், அதிலும் வாசனை அடிக்கிற மரம் கூடாது, வார்னிஷ் பட்டது கூடாது, பசை போட்ட பலகையைச் சீவியது கூடாது, நாலு விரல் உயரத்துக்கு விரிக்க வேண்டும், ஒரு பக்கம் உருண்டு குளிக்க மணல் தட்டும் வேண்டும் என்றாய். என் கல்யாணத்துக்குக்கூட இத்தனை பொருத்தம் பார்க்கவில்லை. சரி, நீ சொன்னது எல்லாம் நியாயம்தான், இப்போது அவை அந்தச் சீவலில் ராஜா மாதிரி கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

இனி என்னைப் பற்றி. அந்தச் சீவலைத் தச்சர் சாக்கு நிறைய அடைத்துக் கொடுத்தார். கனமே இல்லை, ஆனால் முகத்தை மறைக்கிற அளவுக்குப் பெரிது. நம் மாடிப்படியில் ஏறும்போது கால் வைத்த இடம் தெரியாமல் வலது கையை ஊன்றி விழுந்தேன். கீழ் வீட்டில் இருக்கும் உன் அத்தைதான் சத்தம் கேட்டு ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது, முழங்கைவரை மாவுக்கட்டு. கடை ஷட்டர் மூன்று வாரமாக இறங்கிக் கிடக்கிறது, வாடிக்கையாளர்கள் எதிர்ச் சாரியில் இருக்கும் கடைக்குள் நுழைவதை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். கத்தரி பிடிக்கிற கட்டைவிரலும் மோதிர விரலும் முன்போல மடங்குமா என்று கேட்டால், கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்கிறார் டாக்டர். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன் அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அவள் அன்றைக்கே உனக்குப் போன் போடப் போனாள், நான்தான் விடவில்லை. மூலையில் உள்ள ஈரம் தெரிகிற கண்ணுக்கு அப்பன் கை தெரியாமலா போகும், என் மகளே பார்த்துக் கேட்கட்டும் என்றேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று திட்டிவிட்டுக் கீழே போனாள்.

நானும் காத்திருந்தேன். தினமும் ஒற்றை இடது கையால் சீவலை அள்ளி, ஒற்றைக் கையால் பரப்பினேன். "ஏன்ப்பா ஒரு பக்கமே மேடா இருக்கு, சரியா பரப்பத் தெரியாதா" என்று கேட்டாய். ஏன் ஒரு கை மட்டும் வருகிறது என்று கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கிருமியை எண்ணுகிற வேலை உனக்கு, சம்பளமே பார்வைக்குத்தான். ஒருநாள் வேண்டுமென்றே மாவுக்கட்டைத் தூக்கிக் கூண்டுக்குள் கேமராவுக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றேன். முழுப் பூசணிக்காய், சோற்றில்கூட மறைக்கவில்லை. உடனே போன் வந்தது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, மானத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. நீ சொன்னது இதுதான்: "அப்பா, அந்த வெள்ளையா இருக்கறத எடுங்க, தண்ணிக் கிண்ணத்த மறைக்குது." எடுத்துவிட்டேன். அதன் பிறகு நான் உன்னிடம் சரி, ஆகட்டும் என்பதைத் தவிர வேறு பேசவில்லை, அதையும் நீ கவனிக்கவில்லை.

காடைகளை யாரிடமாவது கொடுத்துவிடுவேனோ என்று இந்நேரம் பதறியிருப்பாய். கொடுக்க மாட்டேன், அவை எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஹெட்மாஸ்டர் இப்போது என் இடது கை விரலைக் கொத்திவிட்டுத்தான் தீனிக்கே போகிறது. வேளைக்குச் சாப்பிடு, கண் எரிச்சல் இருந்தால் காட்டிக்கொள், அந்தக் கண்ணை நம்பித்தான் பிழைக்கிறாய். கோபத்தோடு வாழ்த்துகிறேன், இருந்தாலும் நன்றாக இரு, நீண்ட நாள் இரு. ஒன்று மட்டும் நினைவில் வைத்துக்கொள். அந்த வெள்ளையாக இருப்பதை வருகிற வெள்ளிக்கிழமை வெட்டி எடுக்கிறார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்க் கிண்ணம் உனக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு, இடது கையால்,
அப்பா