என் பெயரில் ஒரு சந்தேகம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. நிற்பதும் பெய்வதுமாக. சஃபாவுக்குப் பள்ளி உண்டா இல்லையா என்று கிளம்பும் வரை தெரியவில்லை. உண்டாம்.

ஆபீசில் நோட்டீஸ். கணக்குப் பிரிவு முழுதும் ஜனவரியில் சென்னைக்குப் போகிறது. கடலூரிலேயே இருக்க வேண்டுமானால் புதிதாக ஆரம்பிக்கும் ரிஸ்க் பிரிவில் சேர வேண்டும். அதற்குப் பரீட்சை, மாதக் கடைசியில். பாதி ஃபைனான்ஸ், பாதி 'ஆர்'. ஆர் என்பது புள்ளிவிவரத்துக்கான கம்ப்யூட்டர் மொழி. பெயரே அந்த ஒற்றை எழுத்துதான். எனக்கு எக்செல்லைத் தாண்டி எதுவும் தெரியாது.

பக்கத்து நாற்காலி ரேவதியும் எழுதுகிறாள். யூடியூபில் ஒரு தம்பி தமிழிலேயே நடத்துகிறார், அதைப் பார்த்தால் போதும் என்றாள். லிங்க் அனுப்பினாள்.

சென்னைக்குப் போக முடியாது. மச்சான், சஃபாவின் அத்தா, துபாயில். சஃபா ஆறாவது படிக்கிறாள். மச்சானைப் பெற்ற மாமிக்குச் சிதம்பரத்தை விட்டால் மூச்சு முட்டும். ஆக, தேறியாக வேண்டும்.

வாங்க வேண்டியவை: கோதுமை மாவு, சஃபாவுக்கு ரெயின்கோட், லேப்டாப் சார்ஜர்.

நவம்பர் 4, செவ்வாய்

முதல் இரண்டு வீடியோ. ஒன்று ரயிலில், ஒன்று வீட்டில். இன்றைய நூறு ரூபாயும் அடுத்த வருடத்து நூறு ரூபாயும் ஒன்றில்லை. இது தெரிந்ததுதான். அதற்கு ஒரு ஃபார்முலா உண்டு என்பதுதான் புதிது.

ஆர் இன்ஸ்டால் செய்தேன். ஒரு கமாவை விட்டதற்குச் சிவப்பில் நாலு வரி திட்டு.

அடுப்படிக்கு நான் போனால் மாமியும் பின்னாலேயே வருகிறார். வெங்காயம் உரிக்கிறேன் என்கிறார், உரிப்பதில்லை. பேசாமல் நிற்கிறார். ஆலப்பாக்கத்துக்கிட்ட நான் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்ததை நினைத்துத்தான் போலிருக்கிறது, கொஞ்ச நாளாக இப்படி. தலையில் அடி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அது நடந்தது ஆடி மாதம். இன்னும் என்ன காவல்? கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குறை கண்டவர், இப்போது குறை சொல்லாமல் பார்க்கிறார். அது இன்னும் எரிச்சல்.

நவம்பர் 6, வியாழன்

ஸ்டாண்டர்ட் டீவியேஷன். தம்பி சொன்ன உதாரணம் பிடித்தது. இரண்டு பஸ். ஒன்று தினமும் பத்து நிமிஷம் லேட். இன்னொன்று ஒருநாள் சரியான நேரம், ஒருநாள் இருபது நிமிஷம் லேட். சராசரி இரண்டுக்கும் ஒன்றுதான். எதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புவீர்கள்? "அந்தப் பயத்துக்கு ஒரு நம்பர் போட்டா, அதுதாங்க ஸ்டாண்டர்ட் டீவியேஷன்."

நானே டைப் செய்து நானே விடை வாங்கினேன். கை தட்ட ஆளில்லை. சஃபா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றாள்.

நவம்பர் 7, வெள்ளி

தலைவலி. ஆபீசுக்கு லீவு. இன்று வீடியோ இல்லை. லேப்டாப்பைத் திறக்கவில்லை.

நெய்ச்சோறு, தாளிச்சா. தாளிச்சா கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

நவம்பர் 12, புதன்

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

மாலையில் விடுபட்ட மதிப்புகள் பற்றிய வீடியோ. ஒரு மாதத்துக் கணக்கு நம்மிடம் இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் 'என்.ஏ.' என்று வரும். அது பூஜ்யம் இல்லை. இல்லை என்பதற்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் உண்டு என்றார் தம்பி. நான் போட்ட சராசரிக்கு விடையே வரவில்லை, என்.ஏ. என்றே வந்தது. சந்தேகம் கேட்கலாம் என்று கமெண்டுக்குப் போனேன்.

அங்கே அதே சந்தேகம் ஏற்கெனவே இருந்தது. கேட்டவர் நசீமா பேகம். பக்கத்தில் சின்ன வட்டத்தில் சஃபாவின் படம்.

நான்தான். நான் எழுதுகிற மாதிரியேதான் எழுதியிருக்கிறது. கீழே தம்பி பதில் போட்டிருக்கிறார், விடுபட்டதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடச் சொல்லி. அதற்கும் கீழே நான்: 'நன்றி தம்பி, இப்போது வந்துவிட்டது.'

ஐந்து நாள் முன்பு என்று காட்டுகிறது. வெள்ளிக்கிழமை. லேப்டாப்பைத் திறக்கவில்லை என்று இங்கே எழுதி வைத்திருக்கும் வெள்ளிக்கிழமை.

நவம்பர் 13, வியாழன்

யாரோ என் அக்கவுண்டில் நுழைந்திருக்கலாம். ரேவதியிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். உள்ளே வருகிறவன் காசைத்தான் எடுப்பான், கிளாஸ் கேட்டுவிட்டா போவான் என்று சிரித்தாள்.

லேப்டாப்பில் தேடினேன். வெள்ளிக்கிழமைத் தேதியில் நான் சேமித்த புரோகிராம் இருக்கிறது. ஓட்டினேன். சரியான விடை வருகிறது. அதில் ஒரு வரிகூட எழுதிய நினைவில்லை.

சின்னம்மா ஒருவர் கடைசிக் காலத்தில் சொந்தப் பிள்ளையையே நீ யாரு என்று கேட்டார். அவருக்கு வயது எழுபதுக்கு மேல். எனக்கு முப்பத்தாறு.

தெரிந்தால் என்னென்ன ஆகும்: மச்சான் வேலையை விட்டுவிட்டு வருவார். ஆபீசில் பரீட்சைக்கே விட மாட்டார்கள். சஃபாவை என்னுடன் தனியே விட மாட்டார்கள். இதுதான் ரொம்பப் பயம்.

யாரிடமும் சொல்லப் போவதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

மாலை ரயில். ஜன்னலோரம். காதில் வீடியோ, கடன் வாங்கியவர் கட்டாமல் போவதற்கான வாய்ப்பை எப்படிக் கணக்கிடுவது என்று. பரங்கிப்பேட்டையில் கூட்டம் ஏறியது. எதிரில் ஒரு அம்மா கூடையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, "கிள்ளை வந்தா சொல்லு தாயி" என்றார். சொன்னேன். இறங்கினார். கிள்ளை போர்டு நினைவிருக்கிறது.

அடுத்து கொள்ளிடம் பாலம். கீழே இரண்டு பக்கமும் தண்ணீர்.

நான் இறங்க வேண்டிய சிதம்பரம் நடுவில் இருக்கிறது. ரயில் அங்கே நின்றுதானே போயிருக்கும். எத்தனையோ பேர் என்னை இடித்துக்கொண்டு இறங்கியிருப்பார்கள். காதில் வீடியோ வேறு எதற்கோ போய்விட்டிருந்தது. வாயில் ஏதோ இரும்புச் சுவை. பக்கத்தில் இருந்தவர் என்னையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, நான் எப்படி இருந்தேன் என்று. கேட்டிருக்கலாம்.

சீர்காழியில் இறங்கி பஸ் பிடித்தேன். பஸ்ஸில் கண்ணைச் சிமிட்டவே பயம். கடைப் பெயர்களை வாய்க்குள் வாசித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் ரயில் லேட் என்றேன். மாமி டீ போட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 15, சனி

மாமிக்குத் தெரியும்.

சஃபா டியூஷன் போனதும் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். நேற்று ரயில் லேட் இல்லை, எதிர்வீட்டுப் பையன் அதே ரயிலில் வந்துவிட்டான் என்றார். எங்கே போனாய் என்று கேட்பார் என நினைத்து ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"நேத்தும் நின்னுட்டியா?" என்றார்.

புரியவில்லை என்றேன்.

"நிப்ப புள்ள. கரண்டிய கையில புடிச்சிக்கிட்டு அப்படியே நிப்ப. கண்ணு தொறந்திருக்கும், ஆளு இருக்க மாட்ட. வாய மட்டும் மெல்லுற மாதிரி அசைப்ப. நான் கூப்பிட்டுப் பாப்பேன். அப்புறம் நீயா வந்து ஒண்ணும் நடக்காத மாதிரி கொழம்ப கிண்டுவ. அடுப்ப நான் அணைச்சிருப்பேன். அதுகூட ஒனக்குத் தெரியாது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஐப்பசி ஆரம்பத்திலிருந்து என்றார். அந்த வெள்ளிக்கிழமை தாளிச்சா அடிப்பிடித்ததும் அப்படித்தானாம். அதற்கப்புறம் சாப்பாடு வரை லேப்டாப் முன்னால்தான் இருந்தேனாம். சாப்பிடக் கூப்பிட்டதற்குச் சரியாகப் பதில்கூடச் சொன்னேனாம்.

ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"பயந்தேன்" என்றார். "சொன்னா நெசமாயிடும்னு பயந்தேன். பேயி கீயின்னு எவளாவது சொல்லுவா. அதான் பின்னாடியே நின்னேன்."

மாமியின் கை என் முழங்கால்மேல் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் என்னைத் தொட்டது பெருநாளில் கைபிடித்து முஸாஃபா செய்யும்போது மட்டும்.

ரயிலைச் சொன்னேன். கமெண்டைச் சொன்னேன். மச்சானிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்றேன். மொதல்ல டாக்டர், அப்புறம் அவன்ட்ட நீதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன் என்றார். அதற்கு மேல் இறங்கி வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

கடலூர். நரம்பு டாக்டர். மாமியும் கூட வந்தார். வெளியே வெயில், மழைக்கு நடுவில் ஒரு நாள்.

தலையில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு. ஸ்கிரீனில் கோடு கோடாக ஓடியது. இரண்டு வாரமாக வீடியோவில் கிராஃப் கோடுகளையே பார்த்துப் பழகிய கண். இடது பக்கம் ஒரு இடத்தில் கோடு முள் மாதிரி எழுந்தது. டெக்னீஷியனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் மாமியிடம்தான் நிறையக் கேட்டார். எவ்வளவு நேரம் நிற்பேன், வாய் அசையுமா, கை எதையாவது பிசையுமா. மாமி செய்தே காட்டினார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மெல்ல அசைத்து. நான் அப்படியா இருப்பேன்? பார்க்க முடியவில்லை.

"வலிப்புன்னா கீழ விழுந்து கை கால் இழுக்கணும்னு இல்லம்மா. இதுவும் வலிப்புதான். தலையில பட்ட அடியால வந்திருக்கு" என்றார் டாக்டர். வந்துபோன பிறகும் கொஞ்ச நேரம் மூளை வேலை செய்யும், பேசும், எழுதும். ஆனால் எதையும் பதிந்து வைக்காது. மறதி நோய் இல்லை. பைத்தியம் இல்லை. நான் கேட்காமலேயே அதைச் சொன்னார்.

மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. நிறுத்தவே கூடாது. ஸ்கூட்டர் கூடாது. தனியாக அடுப்பு கூடாது, தனியாக ரயில் கூடாது. கதவைத் தாழிட்டுக் குளிக்கக் கூடாது. சரியாகிவிடுமா என்றேன். பெரும்பாலும் மாத்திரையில் அடங்கும் என்றார். பெரும்பாலும் என்றால் எவ்வளவு என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. நம்பர் தெரிந்தால் அதைப் பிடித்துக்கொண்டே கிடப்பேன்.

திரும்பும்போது மாமி ரயிலில் எனக்குத் தூக்கம் வந்தால்கூடத் தட்டி எழுப்பினார்.

நவம்பர் 20, வியாழன்

மாத்திரை தூக்கமாகத் தள்ளுகிறது. வீடியோவில் தம்பி பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி. ஒரே வீடியோ இரண்டு தடவை. இந்தத் தடவை தெரிந்தே.

ரேவதியிடம் சொன்னேன். காலையில் கடலூர் ஸ்டேஷனுக்குத் தான் வந்து நிற்பதாகவும், மாலையில் ஏற்றி விடுவதாகவும் சொன்னாள். சிதம்பரத்தில் மாமி நிற்பார். நடுவில் மட்டும் நான் தனி.

மேனேஜரிடமும் சொல்லிவிட வேண்டும் என்கிறாள். சொன்னால் பெயரை அடித்துவிடுவாரோ. சொல்லாமல் பரீட்சை ஹாலில் நின்றுபோனால்?

நவம்பர் 21, வெள்ளி

சொன்னேன். வார்த்தைகளை ரயிலில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே போனதும் ஒன்றும் இல்லை. "சார், எனக்கு வலிப்பு இருக்கு, ட்ரீட்மென்ட் எடுக்குறேன்" என்று மட்டும் வந்தது.

அவர் பேனாவை மூடினார். திறந்தார். டாக்டர் லெட்டர் கொடுங்க, எக்ஸாம் எழுதுங்க, மத்தது ஹெட் ஆபீஸ்தான் முடிவு பண்ணணும் என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். ஆனால் நான் எழுந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொள்ள ஓடி வந்தார், விழப் போகிறேன் என்று நினைத்து. இனி எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்கள்.

நவம்பர் 24, திங்கள்

ஒன்றும் வரவில்லை. வந்ததா என்று எனக்கே தெரியாது என்பதுதான் விஷயம். மாமியைக் கேட்கிறேன். இல்லை என்கிறார். எனக்காகப் பொய் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்க்கிறேன்.

மச்சான் ஃபோன். இன்றும் சொல்லவில்லை. மாமி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

நவம்பர் 28, வெள்ளி

புயல் வரும் என்றார்கள். காற்றுதான் வந்தது. பரீட்சை நடந்தது.

மாமி கூட வந்தார். வரவேற்பறை சோபாவில் முக்காட்டை இழுத்துக்கொண்டு, கையில் தஸ்பீஹ் மணியோடு. வாட்ச்மேன் இரண்டு தடவை யாரைப் பார்க்கணும் என்று கேட்டாராம். "எம் மருமவ உள்ள பரீட்ச எழுதுறா" என்றாராம் இரண்டு தடவையும்.

ஃபைனான்ஸ் சுமார். ஆர் பகுதியில் மூன்றாவது கேள்வியில் கை நின்றது. இது அதுவா, சும்மா யோசிப்பதா? கடிகாரத்தைப் பார்த்தேன். முள் நகர்வது தெரிந்தது. கதவுக்கு வெளியே ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. அப்படியானால் நான் இருக்கிறேன். வெறும் மறதி. எல்லாருக்கும் வரும் மறதி. அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

டிசம்பர் 1, திங்கள்

ரிசல்ட். ரேவதி தேறிவிட்டாள். நானும், பட்டியலின் கடைசியில். ஆனால் என் போஸ்டிங் நிறுத்தி வைப்பு. ஜனவரியில் டாக்டர் சர்டிஃபிகேட் பார்த்துவிட்டு முடிவாம். அதுவரை எந்தப் பிரிவிலும் இல்லை. அழவும் வரவில்லை, சிரிக்கவும் வரவில்லை.

மாலையில் மஃரிப் தொழுதுவிட்டு மச்சானுக்கு நானே ஃபோன் செய்தேன். விழுந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னேன். இருக்கேன் என்றார்.

பிறகு சொன்னார். ரெண்டு மூணு தடவை அவர் பேசிக்கொண்டிருக்கும்போது என் பக்கமிருந்து சத்தமே இருக்காதாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாராம். அவர் ஊருக்கு வராததில் எனக்குக் கோபம், பேசப் பிடிக்காமல்தான் அப்படி இருக்கிறேன் என்று நினைத்து அவரே ஃபோனை வைத்துவிடுவாராம்.

லீவு போட்டு வரட்டுமா என்றார். இப்போது வேண்டாம், ஜனவரி பார்த்துக்கொண்டு சொல்கிறேன் என்றேன். சரி என்றார். குரல் சரியாக இல்லை.

"இனிமே அப்படி ஆனா நான் வைக்க மாட்டேன் நசீமா. நீ திரும்பி வர்ற வரைக்கும் லைன்லயே இருப்பேன்."