தலைக்கு இவ்வளவு

சென்னை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அத்தாவுக்கு மஹ்ரீனின் ஸலாம். உங்களுக்குச் சர்க்கரை இறங்கியதா? அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

ஆபீசில் ஒரு வேடிக்கை. நம் ஊர்ப் பாதாளச் சாக்கடையை விரிவாக்க வீட்டுக்கு வீடு எவ்வளவு வசூலிக்கலாம் என்று கணக்குப் போடுவது நான்தானே? கழிவறை எண்ணிக்கைப்படி கட்டணம் என்று உங்களிடம் போனில் உளறிவிட்டேன். அடுத்த மாதம் சர்வே போட்டோ வந்தது. வரிசையாக வாடகைக்கு விட்ட ஒரு லைன் வீட்டில் ஆறு கழிவறைகளில் ஐந்தை இடித்துத் தள்ளியிருந்தார்கள். "உங்க ஊர்க்காரங்க கெட்டிக்காரங்க" என்று எல்லோரும் சிரித்தார்கள். பச்சைச் சுவரைப் பார்த்ததும் நம் லைன் வீடுதான் என்று தெரிந்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அங்கே குடியிருக்கும் பொன்னுத்தங்கம் அக்காவுக்குப் போன் செய்தேன். "ஒங்கத்தாவக் கோவிச்சுக்கிடாத தாயி. விடியமுன்ன கருவக்காட்டுக்குப் போயிட்டு, பட்டாசுக் கம்பெனி வேன் வாறதுக்குள்ள ஓடியாந்துருவோம்" என்றார்.

அந்த ஆத்திரத்தில் மேலதிகாரியிடம் சண்டை போட்டுக் கணக்கை மாற்றினேன். இனிமேல் கழிவறைக்கு இல்லை, குடியிருக்கும் தலைக்கு இவ்வளவு. நாற்பது பேரைக் குடிவைத்திருக்கும் நீங்கள் வசமாக மாட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

ஊரில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு எடுத்த ஆள் கணக்கு இன்று வந்தது. லைன் வீட்டில் பாதிப் பேரைக் காணோம். பொன்னுத்தங்கம் அக்காவையும் காலி பண்ண வைத்துவிட்டீர்களாம். நம் வீட்டில் இரண்டே பேர் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

சாத்தூர் சேவு அனுப்புங்கள். கால்கிலோ போதும், இங்கே பங்குக்கு ஆளில்லை. லஞ்ச் முடிந்துவிட்டது, நிறுத்துகிறேன்.

பெருநாளைக்கு நான் வரலாமா அத்தா? ஒரு தலை கூடுமே.

மஹ்ரீன்