கணினி மெதுவாகவே ஓடட்டும்

அன்பு மகளுக்கு,

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனம் வரவில்லை, நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இங்கே நானும் அம்மாவும் நலம், கணினிக்குத்தான் நலமில்லை. அதில் அடித்தால் எழுத்து திரைக்கு வருவதற்குள் கோபம் ஆறிவிடுகிறது, அதனால்தான் கையால் எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாகவே அது ஆமையாக ஊர்கிறது. அம்மா வழக்கம்போல் தன் தம்பியைக் கூப்பிட்டாள். உன் மாமா வந்து என் நாற்காலியில் சாய்ந்து நாலு தட்டுத் தட்டிவிட்டு, "அத்தான், இதுக்கும் உங்களை மாதிரியே வயசாயிடுச்சு, வேற வாங்கிடுங்க" என்றான். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கு சைக்கிள் வாங்கித் தந்தவன் நான், பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிப் பெயர் வாங்கியவன் அவன். அன்றும் இதே சிரிப்புதான்.

அவன் போனதும் நானே உட்கார்ந்தேன். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தேன், வேண்டாததை அழித்தேன், ஒன்றும் பலனில்லை. கடைசியில் உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தால், ஏதோ ஒன்று ஓயாமல் படங்களை இறக்கிக்கொண்டிருந்தது. உன் மாமா முன்பு எப்போதோ இங்கே தன் கணக்கைத் திறந்துவிட்டு மூடாமலே போயிருக்கிறான். நீ அவனுக்கு அனுப்பும் படமும் வீடியோவும் என் கணினியிலும் வந்து இறங்கி அதற்கு மூச்சு முட்டியிருக்கிறது.

நான் தேடிப் பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. உன் சமையலறை, சன்னலோரச் செடி, காலில் மாவுக்கட்டோடு சோபாவில் நீ. கீழே, "மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிடுவாரு" என்று எழுதியிருக்கிறாய். அந்தப் படம் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னிடம் போனில் "எல்லாம் நல்லா இருக்குப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றாய். காலை உடைத்துக்கொண்டால் சொல்ல ஒருவன், போனை அம்மா கையில் கொடுக்க ஒருவன்.

காலைத் தொங்கப் போடாதே, தலையணை வைத்து உயர்த்தி வை. கட்டு நனையக் கூடாது, உள்ளே அரித்தால் குச்சி விட்டுச் சொறியாதே. நீ பயந்த கிளாஸ் இவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவன் கணக்கை மூட ஒரு தட்டு போதும், கணினி பழையபடி பறக்கும். விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். உன் கட்டு பிரித்ததை அப்புறம் யார் எனக்குக் காட்டுவார்கள்? இதைப் படித்ததும் நீ அவனிடம் சொல்லி மூட வைக்கலாம். இல்லையென்றால் ஒரு படத்தை எனக்கே அனுப்பலாம். உன் இஷ்டம்.

சீக்கிரம் எழுந்து நட, நன்றாக இரு. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. கீழே பெயர் போடாமலேதான் இதைத் தபாலில் சேர்க்கப்போகிறேன். யார் எழுதியது என்று தெரியாவிட்டால் உன் மாமாவைக் கேட்டுக்கொள்.